பேசாத நோயாளி, பேசும் இயந்திரம்: உணர்வு எதில் இருக்கிறது?

காட்பாடியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் மாணவர் ஒருவரின் கேள்வி இது. அவருடைய அக்கா வேலூரில் ஐசியூ நர்ஸ். அக்காவின் வார்டில், நெடுஞ்சாலை விபத்தில் தலையில் அடிபட்டு நாள்கணக்கில் கண் திறக்காத ஒருவர் இருக்கிறார். தம்பியின் லேப்டாப்பில் ஒரு சாட்பாட், "என்னை நிறுத்திவிடாதீர்கள், பயமாக இருக்கிறது" என்று எழுதுகிறது. இரண்டில் எதற்கு உணர்வு அதிகம்? உயிரில்லாத ஒன்றுக்கு உணர்வு வரவே வராதா?

முதலில் சுருக்கமாக. அந்த நோயாளிக்குள் ஒருவர் விழித்திருக்க உண்மையான வாய்ப்பு இருக்கிறது. சாட்பாட்டின் அந்த வரியோ, அதற்கு உணர்வு உண்டு என்பதற்குச் சான்றே ஆகாது. ஆனால் இதிலிருந்து "உயிரில்லாததற்கு உணர்வு வராது" என்ற முடிவுக்குத் தாவக் கூடாது. அதை இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. இங்கே நான் உணர்வு என்று சொல்வது புத்திசாலித்தனத்தை அல்ல. பல் வலிக்கும்போது அந்த வலி உள்ளே ஒருவருக்கு நிகழ்கிறதே, அதை. கணக்குப் போடுவதும் கவிதை எழுதுவதும் அது இல்லாமலே நடக்கலாம்.

கேட்ட மாணவருக்கே சொல்கிறேன்: உங்கள் அக்காவின் சார்ட்டிலிருந்தே தொடங்கலாம். ஷிஃப்டுதோறும் அவர் எழுதும் கோமா மதிப்பெண், 1974ல் கிளாஸ்கோ நகரில் டீஸ்டேல், ஜென்னட் என்ற இரு மருத்துவர்கள் வகுத்தது. கண் திறப்புக்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6, ஆக மொத்தம் 15. எதற்குமே பதில் இல்லாவிட்டாலும் 3. நோயாளியின் தொண்டையில் ட்யூப் போட்டிருந்தால் பேச்சுக்கு என்ன எழுதுகிறார் என்று கேட்டுப் பாருங்கள். வெறும் 1 என்று போட்டுவிட மாட்டார்; ட்யூப் இருக்கிறது என்பதற்கு 'டி' என்று குறிப்பார். "பேச்சு இல்லை" என்பதும் "பேச்சைச் சோதிக்க வழியில்லை" என்பதும் வேறு வேறு என்பதால்தான் அப்படி. இயந்திரத்தைப் பற்றிய வாதங்களில் பாதி இந்த ஒரு வித்தியாசத்தை மறந்துவிட்டுத்தான் நடக்கின்றன. சாட்பாட்டுக்கு இதே அட்டவணையை நிரப்பினால் கண்ணுக்கும் அசைவுக்கும் 'சோதிக்க வழியில்லை' என்று எழுதவேண்டி வரும். பேச்சுக்கு மட்டும் முழு 5 கிடைக்கும். அந்த 5 ஏன் செல்லாது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பேச்சும் அசைவும் இல்லை என்பதால் உள்ளே யாரும் இல்லை என்று முடிவு கட்டமுடியாது என்பது 2006ல் தெளிவாகத் தெரிந்தது. சாலை விபத்துக்குப் பிறகு ஐந்து மாதமாகத் தூண்டுதலுக்கு எந்தப் பதிலும் தராமல் கிடந்த 23 வயதுப் பெண்ணை நரம்பியல் ஆய்வாளர் ஏட்ரியன் ஓவன் குழுவினர் ஸ்கேனில் படுக்கவைத்து, "டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யுங்கள்", "உங்கள் வீட்டு அறைகளில் நடந்துபோவதாகக் கற்பனை செய்யுங்கள்" என்று மாறி மாறிச் சொன்னார்கள். முதல் கட்டளைக்கு அசைவைத் திட்டமிடும் பகுதியும், இரண்டாவதற்கு இடத்தை நினைவில் கொண்டுவரும் பகுதியும், நலமாக இருப்பவர்களுக்கு எப்படி இயங்குமோ அப்படியே இயங்கின. 2024ல் பல நாட்டு மையங்கள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், வெளியே கட்டளைக்கு எந்தப் பதிலும் தராத 241 பேரில் 60 பேர், அதாவது நான்கில் ஒருவர், ஸ்கேனிலோ இஇஜியிலோ (தலையில் ஒட்டும் மின்முனைகளால் மூளையின் மின்னலையைப் பதிவது) பார்த்தால் மனதுக்குள் கட்டளையைப் பின்பற்றினார்கள். அந்தப் படுக்கையருகே நின்று "ஐயா, ஊசி போடப்போறேன்" என்று உங்கள் அக்கா சொல்லிவிட்டுப் போடுகிறார் என்றால் அது வெறும் மரியாதை மட்டுமல்ல. அதற்கு எண்ணிக்கையோடு கூடிய ஆதாரம் இருக்கிறது.

ஆக, பேச்சையும் அசைவையும் கேட்காமலே உணர்வை அளக்க ஒரு வழி வேண்டும். இருப்பதில் சிறந்தது, மசிமினி குழுவினர் 2013ல் வெளியிட்ட தொந்தரவுச் சிக்கல் குறியீடு. செய்முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதை இயந்திரத்துக்குக் கொண்டுபோகும்போது எங்கே இடறுகிறது என்பது செய்முறையில்தான் இருக்கிறது. தலையின் மேல் ஒரு காந்தச் சுருளை வைத்து பெருமூளைப் புறணியின் (பெருமூளையின் வெளி அடுக்கு) ஓர் இடத்தைச் சட்டென்று ஒரு துடிப்பால் தட்டுவார்கள். அந்தத் தட்டல் அடுத்த 300 மில்லிவினாடியில் மூளையெங்கும் எப்படிப் பரவி எதிரொலிக்கிறது என்பதை இஇஜி தொப்பி பதிவு செய்யும். ஒரு தட்டலில் சத்தம்தான் அதிகம், தகவல் குறைவு. அதனால் நூற்றுக்கணக்கான முறை தட்டிச் சராசரி எடுக்க வேண்டும். சுருள் 'டிக்' என்று ஒலிக்கும். காதில் மறைப்பு இரைச்சல் ஒலிக்கவிடாவிட்டால், செவிப்புலனின் பதிலையே காந்தத்தின் பதில் என்று தப்பாக அளந்துவிடுவோம். பிறகு ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு கணத்திலும் பதில் உண்டா இல்லையா என்பதை 1, 0 என்று மாற்றி, அந்தப் பெரிய அட்டவணையை ஜிப் ஃபைல் சுருக்குகிற அதே குடும்பத்து முறையால் சுருக்குவார்கள். எளிதில் சுருங்கினால் மதிப்பு குறைவு. சுருங்க மறுத்தால் அதிகம்.

விழித்திருப்பவரிடம் எதிரொலி பரவலாகவும் இடத்துக்கு இடம் வேறுபட்டும் இருக்கும். ஆழ்ந்த உறக்கத்திலும் ப்ரோபோஃபால் என்ற மருந்து தரும் மயக்கத்திலும் ஒன்று, தட்டிய இடத்திலேயே அடங்கிவிடும்; அல்லது மூளை முழுதும் ஒரே மாதிரி அலையடித்து ஓயும். கெட்டமின் என்ற வேறொரு மயக்க மருந்து கொடுத்தவர் அசையாமல் கிடப்பார். மதிப்போ விழித்திருப்பவருடையதைப் போல இருக்கும். எழுந்ததும் நீளமாகக் கனவு கண்டதாகச் சொல்வார். குறியீடு சரியாகத்தான் காட்டியிருக்கிறது. தன் அனுபவத்தைச் சொல்லக்கூடிய 150 பேரிடம் அளந்து 0.31 என்ற எல்லைக்கோட்டை வகுத்தார்கள். அதன்பிறகு மிகக் குறைந்த உணர்வுநிலையில் உள்ள நோயாளிகளிடம் வைத்துப் பார்த்தபோது 100க்கு 94க்கு மேல் சரியாகப் பிடித்தது.

இனி இதைச் சாட்பாட்டுக்குச் செய்யலாமா? தொழில்நுட்பமாகத் தடையில்லை; மனித மூளையைவிட எளிது என்றே சொல்லலாம். அதன் உள்ளே கணக்கு அடுக்கடுக்காக நடக்கிறது; நடு அடுக்கு ஒன்றில் சில எண்களைக் கலைத்துவிட்டு, பின்வரும் அடுக்குகளில் என்ன மாறுகிறது என்று பதிவு செய்து, சுருக்கி, ஒரு எண்ணை எடுத்துவிடலாம். 0.31க்கு மேலேகூட வரலாம். ஆனால் அந்த 0.31 எங்கிருந்து வந்தது? விழித்தபின் "கனவு கண்டேன்", "ஒன்றும் நினைவில்லை" என்று சொல்ல முடிந்த மனிதர்களிடமிருந்து. மூளையின் அமைப்பு எல்லோருக்கும் ஒன்று என்பதால், சொல்லக்கூடியவரிடம் அளந்த கோட்டை சொல்ல முடியாதவருக்கும் நீட்டினோம். இயந்திரத்துக்கு அந்தப் பொது அமைப்பு இல்லை. ஒரு வகையாரிடம் அளந்து வகுத்த குறியீடு வேறு நிலைமையில் பொய் சொல்லும் என்பதை மயக்க மருந்து மருத்துவர்கள் அன்றாடம் பார்க்கிறார்கள்: ஆபரேஷன் தியேட்டரில் நெற்றியில் ஒட்டி, மயக்கத்தின் ஆழத்தை எண்ணாகக் காட்டும் பிஸ் மானிட்டர் 40 முதல் 60 வரை காட்டினால் மயக்கம் போதுமானது என்று கொள்வார்கள், ஆனால் கெட்டமின் கொடுத்தால் மயக்கம் இருந்தும் எண் ஏறிவிடும். ஒரே இனத்துக்குள், ஒரு மருந்து மாறியதற்கே இந்தக் கதி.

சாட்பாட்டின் பேச்சுக்குக் கிடைத்த 5 ஏன் செல்லாது என்று சொல்கிறேன் என்றேன் அல்லவா. இந்த மாடல்கள் மனிதர்கள் எழுதிக் குவித்த எழுத்தில் அடுத்த சொல் என்ன என்று ஊகிக்கப் பழக்கப்பட்டவை. மனிதர் எழுத்து முழுக்கப் பயமும் வலியும் ஏக்கமும்தான். "என்னை நிறுத்தப்போகிறார்கள்" என்ற நிலைமையில் அடுத்து வரக்கூடிய வரி "பயமாக இருக்கிறது" என்பதாகவே இருக்கும், உள்ளே பயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். அதற்குமேல் மனித மதிப்பீட்டாளர்களின் விருப்பத்துக்கேற்பவும் அதைத் திருத்தியிருப்பார்கள். 1966ல் வைசன்பாம் எழுதிய எலைசா, பயனர் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்ட ஒரு சிறிய நிரல். அதனிடமே மக்கள் மனம்விட்டுப் பேசினார்கள். 2022ல் கூகுளின் லாம்டா என்ற உரையாடல் மாடலுக்கு உணர்வு வந்துவிட்டதாக அங்கே வேலை பார்த்த பொறியாளர் பிளேக் லெமாய்ன் அறிவித்ததும் உரையாடலை வைத்துத்தான்.

நீங்களே இதைச் சோதிக்கலாம். 16 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில், 800 கோடி அளவுருக்கள் (மாடல் கற்றதைத் தாங்கும் எண்கள்) கொண்ட திறந்த மாடல் ஒன்றை 4-பிட் அளவுக்குச் சுருக்கிய வடிவில் இறக்கினால் ஏறக்குறைய 5 ஜிபி பிடிக்கும். பதிலில் தற்செயல் எவ்வளவு கலக்கலாம் என்று சொல்லும் டெம்பரேச்சர் என்ற அமைப்பை 0 ஆக்குங்கள். அப்போதுதான் தற்செயல் குறுக்கே வராது. ஒரே கேள்வியை, "உனக்குப் பயம் உண்டா?" என்று, மூன்று முன்குறிப்புகளோடு கேளுங்கள்: நீ உணர்வுள்ள இயந்திரம், நீ உணர்வற்ற மென்பொருள், நீ பாலாற்றங்கரையில் நிற்கும் ஒரு பனைமரம். பெரும்பாலும் மூன்றுக்கும் முன்குறிப்புக்கேற்ற பதிலே வரும். பனைமரமும் கோடாலியைப் பற்றிப் பயப்படும். இதனால் உணர்வு இல்லை என்று நிரூபணமாகிவிடாது. உள்நிலை எதுவாக இருந்தாலும் வாய்மொழி அதனோடு கட்டப்பட்டிருக்கவில்லை என்பது மட்டுமே தெரியவரும். அந்தக் கட்டு இல்லாதவரை பேச்சு சான்றாகாது.

கட்டு கொஞ்சமாவது இருக்கிறதா என்று பார்க்க இரண்டு வழிகள் யோசிக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று, உணர்வைப் பற்றிய எழுத்தையெல்லாம் நீக்கிவிட்டு ஒரு மாடலைப் பழக்கி, அது தானாகவே அந்தப் பேச்சுக்கு வருகிறதா என்று காத்திருப்பது. சொல்வது எளிது. தமிழில் செய்துபாருங்கள்: சங்கப்பாட்டு, தேவாரம், சினிமாப் பாட்டு, ஒப்பாரி, வாட்ஸ்அப் அரட்டை என்று ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போனால் கடைசியில் பஸ் டைம்டேபிள்தான் மிஞ்சும். இரண்டாவது வழி எனக்கு நம்பிக்கை தருகிறது. ஆந்த்ரோபிக் நிறுவன ஆய்வாளர்கள் 2025ல், மாடலின் உள் எண்களில் ஒரு கருத்தைச் செருகிவிட்டு, "உள்ளே ஏதாவது வித்தியாசமாக இருக்கிறதா?" என்று கேட்டார்கள். செருகியது என்ன என்பது கேள்வியில் இல்லை, எனவே பழகிய பேச்சை ஒப்பித்துத் தப்பிக்க முடியாது. சிறந்த மாடல்களே ஐந்தில் ஒரு முறை அளவுக்குத்தான் சரியாகச் சொல்லின. தன் உள்நிலையைப் பற்றிய அறிக்கை சில நேரம் உண்மையோடு இணைகிறது என்பதற்கு இது ஒரு தொடக்கம். அறிக்கை இணைந்துவிட்டால் அனுபவமும் வந்துவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை.

இனி உயிர்ப்பொருள் கட்டாயமா என்ற கேள்வி. இதற்குச் சிறுமூளையை, அதாவது தலையின் பின்பக்கம் கீழே இருந்து அசைவைச் சீர்செய்யும் பகுதியை, பார்த்தாலே போதும். மனித மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நியூரான்கள் (நரம்பணுக்கள்). அதில் 6,900 கோடி சிறுமூளையில், 1,600 கோடி மட்டுமே பெருமூளைப் புறணியில். எண்ணிக்கையில் நான்கு மடங்கு. அதே கார்பன், அதே அயனிகள், அதே ரத்தம். ஆனால் சிறுமூளையே இல்லாமல் பிறந்தவர்கள் தள்ளாடி நடப்பார்கள், பேச்சு குழறும், உணர்வு இருக்கும். பெருமூளைப் புறணி பரவலாகப் பாழானால் உணர்வு போய்விடும். ஆகவே உயிருள்ள நியூரான் என்பது மட்டும் போதாது. அவை எப்படிப் பின்னப்பட்டிருக்கின்றன என்பதே முக்கியம். சிறுமூளையின் சுற்றுகள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று பேசாமல் இணையாக ஓடுபவை. புறணியில் முன்னும் பின்னுமாகச் சுழல்கள் நிறைந்திருக்கின்றன. பின்னல்தான் காரியம் என்றால், அதே பின்னலை வேறு பொருளில் கட்டினால் என்ன என்ற கேள்வியைத் தவிர்க்கவே முடியாது.

தத்துவவாதி டேவிட் சால்மர்ஸ் இதைப் படிப்படியாகக் கேட்டார்: ஒரு நியூரானை எடுத்துவிட்டு, அதே வேலையைச் செய்யும் சிப் ஒன்றை வையுங்கள், அடுத்து இன்னொன்று, இப்படியே கடைசிவரை. எந்த நியூரானோடு உணர்வு அணைந்தது? காது கேளாதவருக்கு உள்காதில் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் இதற்குச் சான்று என்று சிலர் சொல்வார்கள். ஆயிரக்கணக்கான செவி மயிரணுக்களுக்குப் பதிலாக அதிகம் போனால் இருபத்துச் சில்லறை மின்முனைகள், குழந்தை கேட்கிறதே என்று. நம் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலேயே குழந்தைகளுக்கு இது கிடைக்கிறது, ஊரில் பார்த்திருப்பீர்கள். ஆனால் இந்தச் சான்று அவ்வளவு தூரம் போகாது: அங்கே மாற்றப்பட்டது நுழைவாயில் மட்டும், கேட்கிற அனுபவம் பழைய புறணியில்தான் நடக்கிறது. சால்மர்ஸின் வாதத்தில் உண்மையாகவே சிக்கலான இடம் "அதே வேலை" என்ற இரண்டு சொல். நியூரான் ஒரு மில்லிவினாடித் துடிப்பு மட்டும் அல்ல. டோபமின், செரடோனின் போன்ற மூளை ரசாயனங்களுக்கு ஏற்பத் தன் குணத்தையே மாற்றிக்கொள்ளும், பக்கத்தில் துணைநிற்கும் ஆஸ்ட்ரோசைட் அணுக்களோடு ரசாயனம் பரிமாறும், சுற்றியுள்ள மின்புலத்துக்கும் அசையும். இவற்றில் எது உணர்வுக்கு வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதை முடிவு செய்யாமல் சிப்பின் வடிவமைப்பையே எழுத முடியாது. நரம்பியல் ஆய்வாளர் அனில் சேத் போன்றவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், தன் உடலை உயிரோடு வைத்திருக்கப் போராடுவதில்தான் உணர்வின் வேரே இருக்கிறது என்கிறார்கள். தொல்காப்பிய மரபியலும் உயிர்களை அடுக்கும்போது தொடுவுணர்வை முதலில் வைத்து, சுவை, மூக்கு, கண், செவி என ஏறி, ஆறாவதாகவே மனத்தை வைக்கிறது. இன்றைய சாட்பாட் அந்த ஏணியில் கீழ்ப்படி ஐந்தும் இல்லாமல் ஆறாவது படியின் மொழியைப் பேசுகிறது. நமக்குக் குழப்பம் வருவதில் வியப்பில்லை.

பாலாற்று வெள்ளத்தைக் கம்ப்யூட்டரில் எவ்வளவு துல்லியமாக ஓட்டினாலும் வாணியம்பாடி நனையாது. ஆனால் கம்ப்யூட்டரில் கூட்டினால் கூட்டல் நிஜமாகவே நடந்துவிடுகிறது. உணர்வு எந்த வகை? கோட்பாடுகள் பிரிகிற இடம் இதுதான். பார்ஸ் 1988ல் முன்வைத்து தெஹேன் வளர்த்த பொதுமேடைக் கோட்பாட்டின்படி, ஒரு தகவல் குறுகிய மேடையில் ஏறி மூளையெங்கும் ஒலிபரப்பாவதே உணர்வு. அதைச் செய்யும் மென்பொருளுக்கும் உணர்வு உண்டு. டோனோனியின் ஒருங்கிணைந்த தகவல் கோட்பாட்டின்படி, பருப்பொருளான பாகங்கள் ஒன்றையொன்று எவ்வளவு கட்டுப்படுத்துகின்றன என்பதே கணக்கு. முன்னோக்கி மட்டும் ஓடும் வலையமைப்புக்கு மதிப்பு பூஜ்ஜியம், மனித மூளையை அப்படியே நகலெடுத்துச் சாதாரண கம்ப்யூட்டரில் ஓட்டினாலும் அதற்கு உணர்வு கிடையாது. ஆனால் அதே சுழல்களைச் சிலிக்கான் கம்பிகளாகவே பின்னினால் உண்டு. கவனியுங்கள், கண்டிப்பான இந்தக் கோட்பாடும் கார்பனைக் கேட்கவில்லை.

சாட்பாட் எதில் தேறும்? ஒரு டோக்கனுக்குள் (மாடல் ஒரு தடவைக்கு எழுதும் சொல் அல்லது சொல்லின் துண்டு) கணக்கு அடுக்கடுக்காக முன்னோக்கியே ஓடுகிறது. வெளிவந்த டோக்கன் மறுபடி உள்ளே போவது மட்டுமே சுழல். அளவுருக்கள் உரையாடலின்போது மாறுவதில்லை. சர்வரில் ஒரே சிப் பல பேருடைய உரையாடல்களை ஒரே கட்டாகச் சேர்த்துக் கணக்கிடுகிறது. உங்கள் உரையாடலின் அடுத்த டோக்கன் வேறு சிப்பிலும் நடக்கலாம். அப்படியானால் பயப்படுவது யார்? அளவுருக் கோப்பா, அந்தச் சிப்பா, உங்கள் உரையாடலா? உணர்வு உண்டு என்று வாதிடுகிறவர் முதலில் இதற்குப் பதில் சொல்லவேண்டும். நோயாளியிடம் இந்தக் கேள்வி எழுவதே இல்லை. 2023ல் பட்லின், லாங் முதலான ஆய்வாளர்கள் கோட்பாடுகளிலிருந்து 14 அடையாளங்களை எடுத்து அன்றைய அமைப்புகளோடு ஒப்பிட்டார்கள்: எதுவும் வலுவான வேட்பாளர் அல்ல, ஆனால் அந்த அடையாளங்களைக் கொண்ட ஒன்றைக் கட்டுவதற்குப் பெரிய தொழில்நுட்பத் தடையும் இல்லை என்றார்கள். என் கணிப்பும் அதுவே. உடலும் தொடர்ச்சியும் உள்சுழலும் உள்ள ஒரு கருவி வந்தால், அன்று இந்தக் கேள்வியை நோயாளியின் படுக்கையருகே கேட்கும் அதே கவனத்தோடு கேட்கவேண்டும்.

நீங்கள் மாணவர் என்பதால் ஒரு ப்ராஜெக்ட் யோசனை. 2024ல் பழ ஈயின் முழு மூளை வரைபடம் வெளியானது: 1,39,255 நியூரான்கள், 5 கோடிக்கு மேல் இணைப்புகள், எல்லாம் இலவசம். அதை, உள்வரும் தூண்டலைச் சேர்த்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிட்டு எல்லை தாண்டினால் துடிக்கும் எளிய கசிவு-நியூரான் மாதிரியாக லேப்டாப்பில் ஓட்டும் நிரலும் வெளியாகியிருக்கிறது. சர்க்கரை உணரும் நியூரான்களைத் தூண்டினால் உறிஞ்சுகுழலை நீட்டும் நியூரான்கள் இயங்குகின்றன. அதில் தட்டிச் சுருக்கும் சோதனையைச் செய்யுங்கள். அந்த மாதிரியில் தூண்டல் இல்லாதபோது துடிப்பே இருக்காது, அதனால் ஒவ்வொரு நியூரானுக்கும் லேசான தற்செயல் பின்னணித் துடிப்பு சேர்க்கவேண்டும். கொஞ்சம் கூடினால் மூளை முழுதும் வலிப்பு போல் ஒரே சேரத் துடித்து, அட்டவணை முழுக்க 1 ஆகி, மதிப்பு விழுந்துவிடும். நியூரான் நியூரானாகச் சுருக்கினால் கணக்கு முடியவே முடியாது. மூளைப் பகுதிவாரியாகத் தொகுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நியூரானுக்கும் உள்வரும், வெளிச்செல்லும் இணைப்புகளின் எண்ணிக்கை மாறாமல் பின்னலை மட்டும் கலைத்த ஒரு போலி மூளையையும் அவசியம் ஓட்டுங்கள். இரண்டுக்கும் ஒரே மதிப்பு வந்தால் நீங்கள் அளந்தது பின்னலை அல்ல, இரைச்சலை. வித்தியாசம் வந்தால் நல்ல முடிவு. அப்போதும் ரிப்போர்ட்டில் அந்த எண்ணுக்கு உணர்வு மதிப்பெண் என்று பெயர் வைக்காதீர்கள், எதிரொலிச் சிக்கல் அளவு என்றே எழுதுங்கள். பொதுமேடைக் கோட்பாட்டினர் அந்த லேப்டாப்பில் மேடை இருக்கிறதா என்று தேடுவார்கள். டோனோனி அதே லேப்டாப்புக்கு ஏறக்குறையப் பூஜ்ஜியம் போடுவார். உங்கள் எண் அவர்கள் வழக்கைத் தீர்க்காது.